ஹார்வி பிரபு: சிம்மாசனத்தின் அருகே நின்ற சாட்சி



சரித்திரம் என்ற பெயரால் நாம் பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் பெரும்பாலும் யுத்தங்களின் ஜாபிதாவாகவும் உடன்படிக்கைகளின் தேதிகளாகவுமே இருந்தது. ஒரு யுத்தத்தில் இறங்கலாமா வேண்டாமா என்று ஓர் அரசர் தம் பத்தினியோடு காலையில் தர்க்கம் செய்துகொண்டிருந்தபோது அந்த அறையில் நின்றவர் யார், அவர் காதில் விழுந்தது என்ன, அரசரின் முகம் எப்படிச் சிவந்தது, அரசி எப்படிச் சமாளித்துச் சிரித்தாள் என்பவற்றைப் பாடபுஸ்தகம் சொல்லுவதில்லை. அவற்றைச் சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலர். சொல்லக்கூடியவர்களிலும் எழுதி வைத்தவர்கள் அதனினும் சிலர். அந்த அபூர்வமான சிலருள் ஒருவரான ஜான் ஹார்வி என்ற ஆங்கிலப் பிரபுவைப் பற்றி இன்று உங்கள் முன் பேச விரும்புகிறேன். இங்கிலாந்தை ஆண்ட இரண்டாம் ஜார்ஜ் மன்னருடைய அரண்மனையில் பத்தாண்டுக் காலம் மன்னருக்கும் ராணிக்கும் கைக்கெட்டும் தூரத்தில் வாழ்ந்து, பகலில் கண்டதையும் கேட்டதையும் ரகசியமாக ஏட்டில் பதிந்து வைத்தவர் அவர்.

அவரைப் பற்றி உலகத்துக்கு முதலில் கிடைத்த சித்திரம் அவருடைய சத்துருவால் தீட்டப்பட்டது. அலெக்ஸாண்டர் போப் என்ற மகாகவி, 1735-ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு கவிதையில், ரோமாபுரிச் சக்கரவர்த்தியாகிய நீரோவின் மனம்போன போக்குக்கு இரையான ஸ்போரஸ் என்ற இளைஞனின் பெயரை ஹார்விக்குச் சூட்டி, அவருடைய மெலிந்த தேகத்தையும், வர்ணம் பூசிய முகத்தையும், வைத்திய விதிப்படி அவர் அருந்தி வந்த கழுதைப் பாலையும், ராணியின் செவியருகே அவர் பேசும் பேச்சையும் ஒன்று விடாமல் எடுத்து வைத்துப் பழித்தார். ஆங்கில மொழியில் வசைக் கவி என்பதற்கு அதைக் காட்டிலும் கூர்மையான உதாரணம் கிடைப்பது அரிது. கவிதை நன்றாக அமைந்துவிட்டால் அதில் கூறப்பட்டதும் சத்தியம் என்று நம்பிவிடுவது மனித சுபாவம். ஆகவே நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஹார்வி என்றால் அரண்மனையில் ஊர்ந்த ஒரு விஷ ஜந்து என்றே படித்தவர்கள் எண்ணி வந்தார்கள். அவருடைய நினைவுக் குறிப்புகள் 1848-இல் அச்சேறியபோதுதான், அந்த வர்ணம் பூசிய முகத்துக்குப் பின்னால் அக்காலத்து அரண்மனையில் வேறு எவருக்கும் இல்லாத தீட்சண்யமான இரண்டு கண்கள் விழித்திருந்தன என்பது தெரிந்தது. அந்தக் கண்களுக்காகவே அவரைச் சரித்திரம் போற்ற வேண்டும் என்பது என் கட்சி.

அவருடைய பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1696-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், பிற்காலத்தில் முதலாம் பிரிஸ்டல் பிரபு ஆன ஜான் ஹார்வியின் குமாரராக அவர் பிறந்தார். குடும்பத்தின் பூர்விக எஸ்டேட் ஸபோக் மாகாணத்திலுள்ள இக்வொர்த். வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியிலும் கேம்பிரிட்ஜில் கிளேர் கலாசாலையிலும் படித்துப் பட்டம் பெற்றபின், அக்காலத்துப் பிரபு வம்சத்துப் பிள்ளைகளின் வழக்கப்படி ஐரோப்பிய யாத்திரை சென்று, பாரிஸையும் ஹானோவரையும் பார்த்துத் திரும்பினார். முதல் தாரத்துப் பிள்ளையான கார் என்ற தமையனார் 1723-இல் காலமானதும் பட்டத்துக்குரிய வாரிசு என்ற அந்தஸ்தும் ஹார்வி பிரபு என்ற விருதுப் பெயரும் இவரை வந்தடைந்தன. அதற்கு முன்பே, 1720-இல், பிற்காலத்தில் ராணியான இளவரசி கரோலைனுடைய தோழிப் பெண்களுள் அழகும் அறிவும் ஒருங்கே வாய்ந்தவள் என்று புகழ்பெற்ற மேரி லெப்பலை அவர் மணந்திருந்தார். அந்தப் பெண்மணியைப் போப்பும் கொண்டாடினார். இங்கிலாந்துக்கு வந்திருந்த வால்ட்டேர் அவள்பேரில் ஆங்கிலத்திலேயே செய்யுள் எழுதினார். இந்தத் தம்பதிகளுக்கு எட்டுக் குழந்தைகள் பிறந்தன.

ஹார்விக்கு இளமையிலேயே உடல்நிலை சரியில்லை. அடிக்கடி மயங்கி விழும் உபாதை இருந்தது. 1728-இல் ஆரோக்கியம் தேடி இத்தாலிக்குச் சென்றபோது, உயிர்த் தோழராகிய ஸ்டீபன் பாக்ஸ் உடன் சென்று, தாய்போல் பணிவிடை செய்து அவரை மீட்டுக்கொண்டு வந்தார். ஹார்வியின் நேசத்தில் மனைவிக்கு இருந்த இடத்தைவிட இந்த நண்பருக்கு இருந்த இடம் பெரிது என்பதை அவர் எழுதிய கடிதங்களே காட்டுகின்றன. ஜார்ஜ் செய்னி என்ற புகழ்பெற்ற வைத்தியரின் யோசனைப்படி மாமிசத்தையும் மதுவையும் விலக்கி, பாலும் காய்கறியும் உண்டு அவர் உயிரைக் காத்துக்கொண்டார். மாட்டிறைச்சியும் போர்ட் மதுவும் ஆண்மைக்கு அடையாளம் என்று நம்பிய ஒரு சமூகத்தில், பாலைக் குடித்து உயிர் வாழும் பிரபுவைப் பரிகசிப்பது சுலபமாயிருந்தது. நோயாளியின் வெளிறிய முகத்தை மறைக்கவே அவர் பூச்சு பூசினார் என்று அவருடைய நண்பர்கள் கூறினார்கள். அதையும் பெண்மைக்கு அடையாளம் என்று சத்துருக்கள் திரித்தார்கள். ஆனால் அந்த மெலிந்த தேகத்தில் தைரியத்துக்குக் குறைவில்லை. 1731-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், எதிர்க்கட்சித் தலைவரான வில்லியம் புல்ட்னி ஒரு துண்டுப் பிரசுரத்தில் ஹார்வியின் ஆண்மையையே இழிவாகப் பேசியபோது, அவர் வாள் எடுத்துக்கொண்டு மேல் செயின்ட் ஜேம்ஸ் பூங்காவில் புல்ட்னியை எதிர்த்து நின்றார். இருவருக்கும் சிறு காயம் பட்டது; புல்ட்னியின் கால் சறுக்கியிராவிட்டால் ஹார்வியின் கதை அன்றே முடிந்திருக்கும்.

இனி அரண்மனைக்குள் நுழைவோம். 1727-இல் முதலாம் ஜார்ஜ் காலமாகி அவருடைய குமாரர் இரண்டாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்தார். புதிய மன்னர் தைரியசாலி, வாக்குத் தவறாதவர், கணக்குப் பிசகாதவர். அற்ப விஷயத்துக்கும் கோபம் பொங்குபவர், புஸ்தகத்தையும் கவியையும் வெறுப்பவர். ராணி கரோலைனோ லீப்னிட்ஸ் என்ற ஜெர்மானிய தத்துவஞானியோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தவள். மத சாஸ்திர விவாதங்களைத் தன் அறையில் நடத்திக் கேட்டு மகிழ்ந்தவள். அம்மை குத்துவதை ஊரார் அஞ்சிய காலத்தில் தன் சொந்தக் குழந்தைகளுக்கே குத்துவித்துத் தேசத்துக்கு வழிகாட்டியவள். மன்னர் தம் பூர்விக ராஜ்யமான ஹானோவருக்குப் போன காலங்களில் நான்கு தடவை ராஜப் பிரதிநிதியாக இருந்து ஆட்சியை நடத்தியவள். பிரதம மந்திரியாகிய ஸர் ராபர்ட் வால்போல் தம் யோசனையை முதலில் ராணியிடம் சொல்லுவார். ராணி அதை மெல்ல மெல்ல மன்னரின் மனத்தில் ஏற்றி, சில நாள் கழித்து மன்னரே தம் சொந்த யோசனையாக அதை வெளியிடும்படி செய்துவிடுவாள். இந்தச் சூட்சுமமான நாடகத்தைத் தினந்தோறும் அருகிருந்து பார்த்தவர் ஹார்வி.

அவர் அங்கே வந்து சேர்ந்த வழி இது. ஆரம்பத்தில் அவர் பட்டத்து இளவரசரான பிரெடரிக்கின் நெருங்கிய நண்பர். பிறகு, அரசியல் காரணத்தாலும், ஆன் வேன் என்ற பெண்மணியை முன்னிட்டு எழுந்த போட்டியாலும், அந்த நட்பு முறிந்து தீராத பகையாயிற்று. இதற்கிடையில் வால்போலின் கட்சியில் சேர்ந்து, 1730-இல் ராஜ மாளிகையின் வைஸ் சேம்பர்லேன் உத்தியோகத்தைப் பெற்றார். பதவியின் பெயர் கம்பீரமாயிருந்தாலும் வேலை என்னவோ மாளிகை நிர்வாகத்தில் மேலதிகாரியாகிய கிராப்டன் கோமகனுக்குத் துணையாயிருந்து, யாருக்கு எந்த அறை, எந்தச் சுவரில் எந்தப் படம், எந்த வைபவத்தில் யார் முன்னே யார் பின்னே என்பவற்றைக் கவனிப்பதுதான். ஆனால் அந்த உத்தியோகத்துக்கு அரண்மனையிலேயே வாசஸ்தலம் உண்டு. எந்நேரமும் உள்ளே போகும் உரிமை உண்டு. அதைக் கொண்டு அவர் ராணியின் இன்றியமையாத துணைவரானார். காலையில் ராணி சிற்றுண்டி அருந்தும்போது கூட இருந்து பாராளுமன்றச் செய்திகளைச் சொல்லுவார். மன்னர் வேட்டைக்குப் போகும் நாட்களில், வேட்டையில் விருப்பமில்லாத ராணி வண்டியில் பின்தொடர, அவள் அளித்த குதிரையின்மேல் ஏறி வண்டியின் பக்கத்திலேயே பேசிக்கொண்டு போவார். ராணிக்கு அவர்மேல் இருந்தது பெற்ற தாயின் வாஞ்சைக்குச் சமமானது. தன் மூத்த மகனிடம் காட்ட முடியாத பரிவையெல்லாம் அவள் இவரிடம் காட்டினாள்.

இந்த வாழ்க்கையை வெளியிலிருந்து பார்ப்பவன் சுகபோகம் என்று நினைப்பான். உண்மையில் அது செக்குமாட்டு வாழ்க்கை. குறித்த மணிக்கு உலாவுதல், குறித்த மணிக்குத் தர்பார், மாலையில் மன்னர் ஒரு மேஜையிலும் ராணி வேறொரு மேஜையிலும் சீட்டாடுதல், சுற்றி நிற்பவர்கள் கொட்டாவியை அடக்கிக்கொண்டு நிற்றல், பிறகு கலைதல், மறுநாளும் அதே. ஹாம்ப்டன் கோர்ட் மாளிகையிலிருந்து ஹார்வி எழுதிய கடிதம் ஒன்றில் இந்தச் சலிப்பு முழுவதும் கொட்டிக் கிடக்கிறது. ஆனாலும் அவர் அதை விட்டு ஓடவில்லை. மனிதர்களைப் பார்ப்பதில் அவருக்கு அடங்காத தாகம் இருந்தது. அதற்கு அரண்மனையைப் போன்ற ஸ்தலம் வேறில்லை.

அவர் கண்ட காட்சிகளில் ஒன்றைச் சொல்லுகிறேன். 1735-ஆம் ஆண்டு மன்னர் ஹானோவருக்குப் போயிருந்த சமயத்தில், கென்சிங்டன் மாளிகையின் பெரிய கூடத்தில் மாட்டியிருந்த சில மட்டமான படங்களை எடுத்துவிட்டு, நல்ல சித்திரங்களை ராணி மாட்டச் செய்திருந்தாள். மன்னர் திரும்பி வந்தார். ஹானோவரில் வால்மோடன் என்ற புதிய நாயகியிடம் மனத்தைப் பறிகொடுத்துவிட்டு வந்திருந்த அவருக்கு இங்கிலாந்தில் எதைக் கண்டாலும் எரிச்சல். பழைய படங்களெல்லாம் மறுபடியும் பழைய இடத்துக்கு வரவேண்டும் என்று ஹார்விக்கு ஆக்ஞையிட்டார். பருத்த உடலுடைய வீனஸ் தேவியின் பெரிய படமும் வரவேண்டுமா என்று ஹார்வி கேட்டார். அதுவும்தான், அந்தப் பருத்த வீனஸே தமக்கு மிகவும் பிடித்தது என்று மன்னர் சாதித்தார். மறுநாள் காலை ஹார்வி இதை ராணியிடம் சொல்லிக்கொண்டிருக்கையில் மன்னரே உள்ளே வந்துவிட்டார். வந்து நின்ற ஐந்து நிமிஷத்துக்குள், எப்போதும் சாக்கலேட் பருகிக்கொண்டிருக்கிறாள் என்று ராணியையும், சொன்னது காதில் விழவில்லை என்று ஒரு மகளையும், உடல் பருத்துவிட்டது என்று மற்றொரு மகளையும், நிற்கும் விதம் சரியில்லை என்று இளைய மகனையும், ஏதோ ஒரு ஜெர்மானியச் சிற்றரசனின் உறவுமுறை தெரியவில்லை என்று ஹார்வியையும் வரிசையாகக் கடிந்துவிட்டு, பாக்கியையும் கேட்கட்டும் என்பதுபோல் ராணியைத் தோட்டத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். பேரரசு ஒன்றின் தலைவருடைய இல்லறத்தை இவ்வளவு சில வாக்கியங்களில் இவ்வளவு பூரணமாகக் காட்டிய எழுத்து எந்தப் பாஷையிலும் அதிகம் இராது. படிக்கும்போது நாமும் அந்த அறையின் ஒரு மூலையில் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறோம்.

அரண்மனைச் சில்லறைகளை மட்டும் எழுதியவர் என்று அவரை ஒதுக்கிவிட முடியாது. 1733-இல் புகையிலைக்கும் மதுவுக்கும் சுங்கத்துக்குப் பதிலாக உள்நாட்டுத் தீர்வை விதிக்க வால்போல் முயன்று, தேசமே கொந்தளித்தபோது, மன்னர் காமன்ஸ் சபையின் நிகழ்ச்சிகளைப் பட்டினி கிடந்தவன் சோற்றைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார். வாக்கெடுப்பு முடிந்து திரும்பிய ஹார்வியை, அவர் உணவருந்தினாரா இல்லையா என்றுகூடக் கேளாமல், ராணியின் அறைக்கு அழைத்துப்போய், எவன் எப்பக்கம் பேசினான், எவன் எப்பக்கம் வாக்களித்தான் என்று நள்ளிரவு கடந்தும் துருவித் துருவி விசாரித்தார். போலந்து வாரிசுரிமையை முன்னிட்டு ஐரோப்பா முழுவதும் யுத்தத்தில் எரிந்தபோது, மன்னரும் ராணியும் ஆசைப்பட்டும் வால்போல் இங்கிலாந்தை அதில் இழுத்துவிட மறுத்தார். இந்த ஆண்டு ஐரோப்பாவில் மாண்டவர்கள் ஐம்பதினாயிரம் பேர், அவர்களுள் ஆங்கிலேயன் ஒருவனும் இல்லை என்று அவர் ராணியிடம் பெருமிதத்தோடு சொன்னதை நமக்காகக் காப்பாற்றித் தந்தவர் ஹார்வியே. சமாதானத்தைக் காத்த ஒரு மந்திரிக்கு இதைவிட மேலான சாஸனம் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை.

மற்றொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ராணியின் வேடிக்கைக்காக ஹார்வி ஒரு சிறு நாடகம் எழுதினார். அவரே இறந்துபோனதாகச் செய்தி வந்தால் அரண்மனையில் ஒரு காலைப்பொழுது எப்படி நடக்கும் என்பதே அதன் விஷயம். ராணி சிற்றுண்டி அருந்துகிறாள்; செய்தி வருகிறது; சிறிது வருத்தப்படுகிறாள். பிறகு தலைவாரி அலங்கரித்துக்கொள்கிறாள். பக்கத்து அறையில் குருமார்கள் ஜபத்தை வாசித்துக்கொண்டே போகிறார்கள். நடுநடுவே பேச்சு ஹார்வியைத் தொட்டு, உடனே வேறொன்றுக்குத் தாவுகிறது. பிறகு தர்பார் கூடுகிறது; தினமும் கேட்கப்படும் கேள்விகள் கேட்கப்படுகின்றன; தினமும் சொல்லப்படும் பதில்கள் சொல்லப்படுகின்றன. தமக்கு அன்னையைப்போல் இருந்த ஒருத்தியின் முன்னிலையில், தம் மரணம் அவளுடைய ஒரு காலைப்பொழுதையும் மாற்றாது என்று நாடகமாக எழுதிக் காட்ட ஒரு மனிதருக்கு எவ்வளவு தெளிவும் எவ்வளவு துயரமும் வேண்டும்! அரண்மனையின் அன்பு எத்தகையது என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தெரிந்தும் அந்த அன்பை விட்டுப் பிரிய முடியவில்லை.

1737-ஆம் ஆண்டு இரண்டு பெரிய சம்பவங்களைக் கொண்டுவந்தது. முதலாவது ஜூலை மாதம் 31-ஆம் தேதி இரவு நடந்தது. இளவரசர் பிரெடரிக்கின் மனைவி அகஸ்டா கர்ப்பவதி. பிரசவ சமயத்தில் தான் கூட இருந்தே தீரவேண்டும் என்பது ராணியின் சங்கற்பம். பட்டத்துக்கு உரிய குழந்தையை மாற்றி வைத்துவிடுவார்களோ என்ற சந்தேகம் அவளுக்கு. அவள் வரவே கூடாது என்பது இளவரசரின் பிடிவாதம். ஹாம்ப்டன் கோர்ட்டில் எல்லோரும் ஒன்றாகத் தங்கியிருந்தபோது மனைவிக்குப் பிரசவ வேதனை கண்டதும், அவள் கதறக் கதறத் தூக்கி வண்டியில் ஏற்றி, இரவோடு இரவாக லண்டனில் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனைக்குக் கொண்டுபோனார். அங்கே எதுவும் தயாராயில்லை. படுக்கை விரிப்பு அகப்படாமல் இரண்டு மேஜை விரிப்புகளுக்கு நடுவே அந்தப் பெண்ணைக் கிடத்தினார்கள். சற்று நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. சீட்டாட்டம் முடிந்து உறங்கப் போயிருந்த ராணியை நள்ளிரவுக்குப்பின் எழுப்பிச் சொன்னார்கள். அவள் உடனே இரண்டு பெண்களோடும் கிராப்டன் கோமகனோடும் ஹார்வியோடும் புறப்பட்டு, விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் போய்ச் சேர்ந்தாள். அந்த நலிந்த சின்னஞ்சிறு பெண் சிசுவைக் கண்டதும் அவளுடைய சந்தேகம் தீர்ந்தது. மோசம் செய்ய நினைப்பவர்கள் கொழுத்த ஆண் குழந்தையையல்லவா கொண்டுவந்து வைத்திருப்பார்கள்? அந்த இரவின் ஒவ்வொரு நாழிகையும் ஹார்வியின் ஏட்டில் இருக்கிறது. செப்டம்பரில் மன்னர் தம் மகனை மாளிகையை விட்டு வெளியேற்றினார். அந்த உத்தரவை வரைவதில் ஹார்வியின் பேனாவும் சேர்ந்தது.

இங்கே அவருடைய குறையையும் சொல்லிவிடுவது தர்மம். பிரெடரிக்கைப் பற்றி எழுதும் இடங்களில் ஹார்வியின் சாட்சியத்தை அப்படியே ஏற்கலாகாது. நண்பனாயிருந்து பகைவனானவனின் பேனா அது. அங்கே நியாயத் தராசு ஒருபுறம் சாய்ந்தே நிற்கிறது. சங்கீதத்திலும் சித்திரத்திலும் ருசியுள்ளவர், குடிமக்களோடு கலந்து பழகியவர் என்று வேறு பலர் சொல்லும் பிரெடரிக்கை இவருடைய ஏட்டில் காணவே முடியாது. அற்பனும் பொய்யனுமான ஒருவனே அங்கே உலாவுகிறான். இருவருக்கும் நட்பு முறிந்த காலத்துப் பக்கங்களைப் பிற்காலத்தில் அவருடைய பேரர் கிழித்து அழித்துவிட்டதால், அந்தப் பகையின் முழு வரலாறு நமக்கு இல்லை. பெற்ற தாயும் தந்தையும் மகனை வெறுத்த அந்தக் குடும்பத்தில், சமாதானம் செய்துவைக்கக்கூடிய ஸ்தானத்தில் நின்ற ஹார்வி, நெருப்பில் நெய் வார்த்தார் என்பதே என் துணிபு. அவருடைய அறிவுக்கும் எழுத்துக்கும் நான் தலைவணங்குகிறேன். இந்தச் செய்கைக்கு வணங்க மாட்டேன்.

இரண்டாவது சம்பவம் ராணியின் மரணம். நவம்பர் 9-ஆம் தேதி, செயின்ட் ஜேம்ஸில் தான் புதிதாகக் கட்டுவித்த புஸ்தகசாலையில் இருந்தபோது அவளுக்குக் கடும் வயிற்று வலி கண்டது. அன்றும் தர்பாருக்கு வந்து எல்லோரோடும் பேசிவிட்டுத்தான் படுக்கையில் விழுந்தாள். கடைசிப் பிரசவத்திலிருந்து அவளுக்குக் குடலிறக்கம் இருந்து வந்தது. பதின்மூன்று ஆண்டுகளாக அதை ஒருவரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தாள். மன்னருக்குத் தெரியும்; அவரையும் சொல்லக்கூடாது என்று தடுத்திருந்தாள். வைத்தியர்கள் காரணம் தெரியாமல் ரத்தம் வாங்குவதும் கொப்புளம் எழுப்புவதுமாக அவளை வதைத்த பிறகு, மன்னர் மனம் பொறாமல் உண்மையை வெளியிட்டார். அப்போது காலம் கடந்துவிட்டது. மயக்க மருந்து என்பதே இல்லாத அந்த நாளில் சத்திர வைத்தியரின் கத்தியை அவள் பொறுத்த தைரியத்தை ஹார்வி எழுதுகையில், அவருடைய வழக்கமான கூர்மையெல்லாம் மறைந்து, தாயின் படுக்கையருகே நிற்கும் மகனின் குரல் ஒன்றே கேட்கிறது.

அந்த அறையில் மன்னர் நடந்துகொண்ட விதத்தை அவர் வர்ணித்திருப்பதை ஆங்கில வசனத்தின் சிகரங்களுள் ஒன்று என்று தயங்காமல் சொல்லுவேன். மன்னர் இரவெல்லாம் உறங்காமல் அருகே கிடக்கிறார்; விம்மி விம்மி அழுகிறார்; இவளுக்கு ஈடான பெண் உலகில் இல்லை என்கிறார்; அடுத்த க்ஷணமே, ஏன் புரண்டு படுக்கிறாய், ஏன் வெறித்துப் பார்க்கிறாய் என்று நோயாளியையே கடிகிறார். தன் காலத்துக்குப் பிறகு மறுவிவாகம் செய்துகொள்ளும்படி ராணி சொன்னபோது, மாட்டேன், ஆசைநாயகிகளை வைத்துக்கொள்வேன் என்று தேம்பலுக்கிடையே மன்னர் பதில் சொல்ல, விவாகத்துக்கு அது ஒரு தடையா என்கிறாள் ராணி. கேட்பவனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஹார்வி இரண்டையும் செய்யச் சொல்லாமல், நடந்ததை நடந்தபடி வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறார். மன்னரை அடியோடு வெறுப்பதற்கு வேண்டிய காரணம் அனைத்தும் அவர் ஏட்டில் இருக்கிறது. அந்த மனிதர் தம் மனைவியை உண்மையாகவே நேசித்தார் என்பதற்கு வேண்டிய ருசுவும் அதே ஏட்டில் இருக்கிறது. நவம்பர் 20-ஆம் தேதி இரவு ராணி உயிர் நீத்தாள். இருபத்துமூன்று ஆண்டு கழித்துத் தாமும் இறந்தபோது, இருவர் பெட்டிகளின் பக்கப் பலகைகளை அகற்றி ஒன்றாக வைக்கவேண்டும் என்ற மன்னரின் விருப்பப்படியே வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. ஹார்வியின் சாட்சியம் மன்னருக்கு அநீதி செய்யவில்லை என்பதற்கு இதுவே போதும்.

ராணியின் மரணத்தோடு அவருடைய நினைவுக் குறிப்பும் நின்றுவிடுகிறது. அதற்குமேல் எழுத அவருக்கு மனமில்லை போலும். பின்னர் 1740-இல் அந்தரங்க முத்திரைக்குரிய மந்திரிப் பதவி அவருக்குக் கிடைத்தது. பத்தாண்டுகள் படங்களை மாட்டிக்கொண்டிருந்தவர் அமைச்சரவையில் அமர்ந்தார். வால்ட்டேர் தம் பதினான்காம் லூயி சரித்திரத்தைப் பற்றி அவருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார்; கான்யர்ஸ் மிடில்டன் தாம் எழுதிய ஸிஸரோவின் ஜீவிய சரித்திரத்தை 1741-இல் அவருக்குச் சமர்ப்பணம் செய்தார். ஆனால் 1742 பிப்ரவரியில் வால்போல் வீழ்ந்தார். ஜூலையில் ஹார்வியும் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். ராணி இல்லாத அரண்மனையில் அவருக்காகப் பேச ஒருவரும் இல்லை. மறு ஆண்டு, உடல் தளர்ந்த நிலையிலும் பிரபுக்கள் சபைக்கு வந்து, ஜின் என்ற சாராயத்தின் விற்பனையை எளிதாக்கி அதில் வருமானம் தேட அரசாங்கம் கொண்டுவந்த மசோதாவை எதிர்த்துப் பேசினார். ஏழை ஜனங்களின் குடியைக் கெடுத்துப் பொக்கிஷத்தை நிரப்பலாகாது என்ற கட்சியில் அவர் நின்றதை, அவரை ஸ்போரஸ் என்று மட்டும் அறிந்தவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

1743-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் தேதி, நாற்பத்தாறாவது வயதில் அவர் காலமானார். தந்தையார் மேலும் ஏழு ஆண்டுகளுக்கு அதிகமாக உயிரோடிருந்தமையால், பிரிஸ்டல் பட்டம் அவருக்குக் கிட்டவேயில்லை. அவருடைய மூன்று குமாரர்கள் ஒருவர்பின் ஒருவராக அதை அடைந்தார்கள். எட்டு மக்களைப் பெற்றுத் தந்த மனைவிக்கு, சட்டம் கட்டாயப்படுத்தியதற்கு மேல் ஒரு காசும் அவர் உயிலில் எழுதி வைக்கவில்லை. அதுவும் அவருடைய ஜீவியத்தில் சேர்ந்ததுதான்.

கையெழுத்துப் பிரதி குடும்பத்தாரிடம் பத்திரமாகக் கிடந்தது. பிரெடரிக்கின் மகனாகிய மூன்றாம் ஜார்ஜ் உயிரோடிருக்கும் வரையில் அதை அச்சிடலாகாது என்பது ஹார்வியின் இரண்டாவது குமாரர் இட்ட கட்டளை. 1848-இல் குரோக்கர் என்பவர் இரண்டு தொகுதிகளாக அதை வெளியிட்டார். அவர் நாணி விலக்கிய பகுதிகளையும் சேர்த்து 1931-இல் ராம்னி செட்ஜ்விக் மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்தார். அந்நூலில் ஹார்வி தம்மை 'நான்' என்று சொல்லிக்கொள்வதில்லை. ஹார்வி பிரபு வந்தார், ஹார்வி பிரபு சொன்னார் என்று பிறரைப் பற்றிப் பேசுவதுபோலவே எழுதுகிறார். தம்மையும் ஒரு பாத்திரமாக்கிக் கூண்டில் நிறுத்திய சாட்சி அவர்.

போப்பின் கவிதை சாகாது, சாகவும் வேண்டாம். ஆனால் இரண்டாம் ஜார்ஜின் ஆட்சியைப் பற்றி எழுதப் புகும் எந்தச் சரித்திராசிரியரும் இன்று போப்பைத் தேடிப் போவதில்லை, ஹார்வியைத்தான் தேடிப் போகிறார். இந்தச் சபையில் ஆங்கிலம் நன்கு அறிந்த இளைஞர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் செய்துகொள்ளும் விண்ணப்பம் ஒன்றே: ஆங்கிலத்திலிருந்து நாவல்களை மட்டும் பெயர்த்துக்கொண்டிராமல், இந்த நினைவுக் குறிப்பின் சில அத்தியாயங்களை, குறைந்தபட்சம் ராணி கரோலைனின் இறுதி நாட்களைப் பற்றிய பகுதியையாவது, நல்ல தமிழில் எழுதித் தாருங்கள்.